மூப்புக் கருத்தரங்கும் ஐந்து படிகளும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் சிவபிரகாஷ் சாரோடு சண்டை. காலையில் ஒரு தடவையாவது என் வாயைக் கிளறாவிட்டால் துறைத்தலைவருக்குச் சாப்பாடு இறங்காது போல.

மூப்பின் உயிரியல் பற்றி எங்கள் விலங்கியல் துறை நடத்தும் கருத்தரங்கு. அழைப்பிதழில் ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்று கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. ஒருங்கிணைப்பாளர்: முனைவர் ஷர்லி, அதாவது நான். சக்கர நாற்காலிக்காரி பெயர் இருந்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கிடைத்தும் விட்டது. மதியம் என் ஆய்வுரையும் உண்டு. ஆனால் அரங்கத்து மேடைக்கு ஐந்து படி. சரிவுப் பாதை எங்கே என்று கேட்டேன்.

“நாலு பசங்க தூக்கிருவாங்கம்மா. இதுக்குப் போயி...”

இதுக்குப் போயி!

முனைவர் பட்டம் வாங்கிய அன்று அப்படித்தான் தூக்கினார்கள். நாற்காலியைச் சாய்த்து, புடவை ஒரு பக்கம் விலகி, அது அப்படியே போட்டோவில் விழுந்தது. அண்ணன் பெருமையாக அதை ஹாலில் மாட்டி வைத்தான். கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் போட்டேன். இந்த முறை ஏறினால் என் சக்கரத்தில் ஏறுவேன். இல்லையென்றால் ஏற மாட்டேன்.

ஆகஸ்ட் 11

சாருக்குப் புது யோசனை. முதியோர் இல்லத்திலிருந்து பத்துப் பேரை வேனில் கூட்டி வந்து, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாமாம். ‘உள்ளடக்கிய’ என்றால் அதுதானாம்.

“அவங்க உக்காந்து உரையைக் கேப்பாங்களா சார்?”

“அவங்களுக்கு என்னம்மா புரியும்?”

அடித்துவிட்டேன், அந்தச் சால்வை வரியை. நிகழ்ச்சி நிரலிலிருந்துதான்.

ஆகஸ்ட் 20

சரிவு கிடையாது. “மேனேஜ்மென்ட் ஒத்துக்கலம்மா.” கேட்டாரா என்றே சந்தேகம்.

ஆகஸ்ட் 25

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தலைமை விருந்தினர் மரியசெல்வம் ஐயா பெங்களூரிலிருந்து சாருக்குப் போன் செய்தார். எழுபத்தாறு வயது விஞ்ஞானி. முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கரில் நடக்கிறாராம், படி ஏற முடியாதாம். மூப்பைப் பற்றிப் பேச வருகிறவருக்கு மூப்பு வந்திருக்கும் என்று இந்தக் கல்லூரியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போனை வைத்த கையோடு சார் பந்தல்காரர் நாகராசுவைக் கூப்பிட்டார். புதன்கிழமைக்குள் பலகையில் சரிவு வந்துவிடும், மேலே சிவப்புக் கம்பளமும். மூன்று வாரமாக நான் கேட்டது சுவருக்குப் போய்ச் சேர்ந்தது, ஐயா ஒரு தடவை சொன்னது காதுக்குப் போய்ச் சேர்ந்தது. வயிறு எரிகிறது. எரியட்டும். சரிவு வருகிறதே, அது போதும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் ஐயா கம்பளத்தில் மெல்ல நடந்து ஏறினார். முதல் வாக்கியமே, “முதுமை என்பது ஒரு மனநிலை.” பிறகு பலகை எதற்கு ஐயா? பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசினார், பொன்னாடை வாங்கினார், இறங்கினார், காரில் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் இலைக்கு ஓட, நாகராசுவின் ஆட்கள் கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார்கள். என் உரை மதியத்துக்கு மேல்!

“நாளைக்கு முகூர்த்தங்க. குளத்தூருல ரெண்டு பந்தல் நிக்கிது. வி.ஐ.பி. போற வரைக்கும்னுதான் சாரு சொன்னாரு,” என்றார் நாகராசு.

சார் பக்கத்திலேயே நின்றார். “நீங்க கீழேருந்தே பேசிருங்க ஷர்லி. மைக்கு தர்றோம்ல.”

நாற்காலியைத் திருப்பி, மூச்சுப் பிடித்துத் தள்ளி, பலகையில் ஏறி மேடைக்குப் போய்விட்டேன். பிறகு நாகராசுவிடம் சொன்னேன், “இப்ப எடுத்துட்டுப் போங்க.”

எப்படி இறங்குவேன் என்று யோசித்தேனா? இல்லவே இல்லை. ஏறுவதுதான் தலை முழுக்க இருந்தது.

என் துறையில் வேலை பார்க்கும் உண்ணாமலை மேடம் மேடைக்கே தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்தார். பாத்ரூம் போக வழியில்லை என்று தண்ணீரைத் தொடவில்லை. பிறகு பேசினேன். வயதான உருளைப்புழு நகர்வதை நிறுத்தியதும் ‘நலம் முடிந்தது’ என்று எழுதி வைக்கிறோம், என் ஆய்வுக்கூடத்தில் நகராத புழுவும் இரையின் வாசனைக்குத் தலையைத் திருப்புகிறது, நாம் அளந்தது அதன் நலத்தை அல்ல, நடையை மட்டும் என்றேன். கேள்விகள் நன்றாக வந்தன. நன்றாகப் பேசினேன். அதை யாரும் சொல்லாவிட்டால் என்ன, நானே எழுதிக்கொள்கிறேன்.

சான்றிதழ் கொடுத்து முடித்தார்கள். எல்லாரும் கிளம்ப, நான் மட்டும் மேலே.

“பசங்களைக் கூப்பிடவா?” என்றார் சார்.

“தொடக்கூடாது சார்.”

“வேற எப்படிம்மா எறங்குவீங்க?”

“அதை நீங்கதான் சொல்லணும். நான் கேட்டப்ப நீங்க சொல்லலை.”

நாளைக் காலை அதே மேடையில் தாளாளர் வீட்டு நிச்சயதார்த்தம். பூ அலங்காரக்காரர்கள் வந்துவிட்டார்கள். என்னை நகரச் சொல்லிப் பார்த்தார்கள், சாரைப் பார்த்தார்கள், பிறகு என்னைச் சுற்றியே மல்லிகைச் சரம் தொங்கவிட ஆரம்பித்தார்கள். சாருக்கு முகம் வேர்த்தது. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் இந்த வட்டாரத்தில் எவரிடமும் பந்தல் பலகை கிடைக்காது. கடைசியில் அவரே குளத்தூருக்குப் போனார். லோடு ஆட்டோவில், பலகையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்தார்.

“இப்ப சந்தோஷமா?”

“ரொம்பச் செங்குத்தா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடுங்க.”

போட்டார். என் சக்கரத்தில் இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதுக்குடி அழுவுற? ஜெயிச்சுட்டுதான வந்த?

செப்டம்பர் 1, திங்கள்

மெமோ. ‘அனுமதியின்றி மேடையை ஆக்கிரமித்தது குறித்து விளக்கம் தருக.’

ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன்: இறங்க வழியில்லாததால் மேடையில் இருந்தேன்.

செப்டம்பர் 3

சார் என்னோடு பேசுவதில்லை. ஆய்வுக்கூடம் அமைதியாக இருக்கிறது. புழுக்கள் நலம்.

செப்டம்பர் 15, திங்கள்

அரங்கத்து வாசலில் செங்கல்லும் மணலும் இறங்கியிருக்கின்றன. மதியம் கொத்தனார் ஒருவர் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

“மேடைக்குச் சரிவு கட்டணுங்க. எம்புட்டு நீளம்னு ஒங்ககிட்டக் கேட்டுக்கச் சொன்னாரு சாரு.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் சார் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போய், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தரையில் காட்டிவிட்டு வந்தேன்.