மேப்பிள் பிழைத்த கோடை

நேற்று மாலை எங்கள் மயூர் விஹார் அடுக்ககத்தின் வாசலில் செடி விற்கிற தள்ளுவண்டி ஒன்று நின்றிருந்தது. ரோஜாவுக்கும் துளசிக்கும் நடுவே, கைக்குழந்தை விரல் விரித்த மாதிரி சிவப்பு இலைகள். காய்கறிப் பையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். "ஜப்பானி மேப்பிள், ஆன்ட்டி. பஹாட் சே ஆயா ஹை" என்றார் வண்டிக்காரர். மலையிலிருந்து வந்ததாம். எனக்கா தெரியாது! அவரைக் கேட்காமலே தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மனம் பறந்தது. நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போகட்டும், எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மோதி பாக் அரசுக் குடியிருப்பில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். ஒரே வயது, வேறு வேறு அலுவலகம், காலையில் ஒரே பஸ். டில்லிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு இந்தி வாயில் நுழையவில்லை. முதல் கோடையை அழுதே கழித்தேன். சென்னைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டதை உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "போயேன், யாரு புடிச்சா?" என்றாய். சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த அக்டோபரில் இரண்டு குடும்பமும் விடுமுறைப் பயணமாக சிம்லா போனோம். ஒரு நர்சரி வாசலில், இலையெல்லாம் தீப்பிடித்தது போல நின்ற மரத்தைப் பார்த்து நீ போட்ட கூச்சலில் பஸ் டிரைவரே திரும்பிப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் இரண்டு கன்றுகள் வாங்கினாய். "மைதான் மே நஹி பச்சேகா, பெஹன்ஜி" என்றார் நர்சரிக்காரர். சமவெளியில் பிழைக்காது என்று அவர் சொல்லச் சொல்ல உன் முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது. டில்லி வந்து சேரும்வரை ஆளுக்கொரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு" என்றாய்.

குளிர்காலம் முழுக்க இரண்டும் வெறும் குச்சி. மார்ச்சில் துளிர்த்தன. ஏப்ரல் முடிவதற்குள் என்னுடையது செத்தது. மேற்கு பார்த்த பால்கனியில் வைத்தேன். இலை நுனி கருகியதும் பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, உரமும் போட்டேன். நீ மாடியேறி வந்து தொட்டிக்குள் விரலை விட்டாய். சேறு.

"ஏ மூதி, அது தாகத்துல வாடல. மூச்சு முட்டிக் கெடக்கு. வெரல விட்டுப் பாக்காம தண்ணி ஊத்தலாமாட்டி?"

"இந்த ஊர் வெயில்ல எதுவுமே பிழைக்காது. செடியும் பிழைக்காது, நானும் பிழைக்க மாட்டேன்" என்றேன்.

நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். "சரி, பந்தயம். எங்கிட்ட இருக்கது மழை வரைக்கும் உசுரோட நின்னா, நீ மாத்தல் வேண்டாம்னு எழுதிக் குடுக்கணும். செத்துப்போச்சுன்னா நானே ஒன்ன ஸ்டேஷன்ல ஏத்தி விடுதேன்."

ஒப்புக்கொண்டேன். எனக்கு நிச்சயமாக ஜெயிக்கிற பந்தயம்!

அந்த மே மாதம் நீ செய்த அமர்க்களத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. காலை வெயில் மட்டும் படும்படி கிழக்குச் சுவரோரமாகத் தொட்டியை வைத்தாய். அதைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, நடுவில் ஈர மணலை நிரப்பினாய். வேர் வேகக் கூடாதாம். குடியிருப்பில் இருந்த தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக ஏறி, பூஜைக்கு உரித்த தேங்காய் நாரைக் கேட்டு வாங்கி மண்மேல் பரப்பினாய். லூ என்கிற அனல்காற்று வீசும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாய். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் சொம்பு அதற்குத்தான். உன் வீட்டுக்காரர் காப்பிக்குக் காத்துக்கொண்டிருப்பார்.

ஜூனில் உன் தங்கை கல்யாணத்துக்காகப் பதினைந்து நாள் ஊருக்குப் போனாய். சாவியை என் கையில் கொடுத்து, "ஏட்டி, நீதான் எதிராளி. இருந்தாலும் ஒங்கிட்டதான் விட்டுட்டுப் போறேன்" என்றாய். அந்த வாரமே எனக்கு மாற்றல் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும். எத்தனை நாள் காத்திருந்த கடிதம்! பிரித்துப் படித்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று உன் செடிக்குச் சாக்கு நனைக்கக் கீழே போய்விட்டேன். அது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் மாலை புழுதிப்புயல் அடித்தது. வானம் செம்மண் நிறமாகி, கதவெல்லாம் அடித்துக்கொண்டது. யாரோ மொட்டை மாடியில் கட்டியிருந்த மூங்கில் கழி பறந்து வந்து உன் முற்றத்தில் விழுந்தது. வெறுங்காலோடு ஓடினேன். இரண்டு தொட்டியும் உடைந்து, செடி கொதிக்கிற சிமெண்டுத் தரையில் வேரோடு கிடந்தது. ஈரத் துணியை வேரில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். மாற்றுத் தொட்டி இல்லை. வீட்டில் இருந்தது எங்கள் குடிதண்ணீர் மண்பானை ஒன்றுதான். அதைக் கவிழ்த்து, கழுத்தைத் தட்டி உடைத்து, அடியில் ஸ்க்ரூ டிரைவரால் துளை போட்டேன். என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்போ நாம எதுல தண்ணி குடிக்கிறது?" என்றார். "அச்சா, அப்புறம் பார்க்கலாம், மண்ணைப் பிடிங்கோ!" என்று கத்தினேன். எனக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் மூன்றே நாளில் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. மறுபடி உன் முற்றத்து நிழலில் வைத்தேன், தினம் நாலு தடவை விரலை விட்டுப் பார்த்தேன். ஊற்றத் துடித்த கையை நானே பிடித்துக்கொண்டேன்.

நீ வந்து இறங்கிய காலை, பெட்டியைக்கூட வைக்க விடாமல் உன்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நீ குச்சியைப் பார்த்தாய், பானையைப் பார்த்தாய். குனிந்து கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாய். உள்ளே பச்சை.

பிறகு எழுந்து, என் தோளில் கையைப் போட்டு மெதுவாகச் சொன்னாய்: "எல இல்லாத குச்சிய வச்சு நான் வாதாட மாட்டேன். நீ ஜெயிச்சுட்ட. சம்மதம் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புட்டி."

"யாரு ஜெயிச்சா? பச்சையா இருக்கே! இப்போ நீதானே சுரண்டினே?"

"மழை வரைக்கும் தாங்காது."

"தாங்கும்! எனக்குத் தெரியும், தாங்கும்!"

முற்றத்தின் நடுவில் நின்று, என் கட்சியை நீயும் உன் கட்சியை நானும் பேசிக்கொண்டிருந்தோம். சட்டென்று இருவருக்கும் அது புரிந்தது. நீ சிரிக்க ஆரம்பித்தாய், நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். மறுநாள் அலுவலகத்தில் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். செடியில் அப்போது ஒரு துளிர்கூட இல்லை.

ஜூலையில் மழை பிடித்து ஐந்தாம் நாள் காலை, கணுவில் கடுகளவு சிவப்பு. "வந்துடுத்து! வந்துடுத்து!" என்று கூவிக்கொண்டு உன் கதவை இடித்தேன். நீ மாவுக் கையோடு ஓடிவந்தாய். மழையில் நனைந்துகொண்டு, இரண்டு அரசாங்க ஊழியர்கள் பானையைச் சுற்றிக் குதித்ததை எதிர்வீட்டு சர்தார்ஜி பால்கனியிலிருந்து பார்த்துக் கை தட்டினார்.

அது இன்னும் ஆறு கோடை பார்த்தது. ஏழாவதில் போய்விட்டது. அன்று நான்தான் அழுதேன். "ஆறு கோடைய அதுக்கு யாருட்டி குடுத்தா?" என்று நீ கேட்டாய். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரத்தில் எனக்குத் துணையாக இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து என் அக்கா பேசினாள். ஏதோ கோபத்தில் நான், "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப்போனாள். "இது நம்மாத்துப் பேச்சே இல்லையேடி, யார்கிட்டேர்ந்து வந்தது?" என்றாள்.

உன் பேரைச் சொன்னேன். ஊர், இனிஷியல் எல்லாம் சேர்த்து, முழுப் பேரையும் சொன்னேன்.