கற்பூரத்தில் சத்தியம் கேட்கிறார்கள்

அனுப்புநர்:
இ. விமலநாதன்,
மின்சாதனம் பழுதுபார்ப்பவர், விளையாட்டுப் போட்டி அறிவிப்பாளர்,
அம்பிட்டிய, கண்டி.

பெறுநர்:
உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
கண்டி.

விடயம்: நேற்றுக் காலை தங்களிடம் நேரில் கேட்ட உதவியை மீளப்பெறுதலும், அதற்குப் பதிலாக வேறோர் உதவியைக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நேற்றுக் காலை வரிசையில் நின்றவர்களையெல்லாம் தாண்டித் தங்கள் அறைக்குள் நுழைந்து உரத்துப் பேசியவன் நான்தான். அதற்காக முதலில் வருந்துகிறேன். காலமெல்லாம் மைக் பிடித்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. தாங்கள் கோபிக்காமல் கதிரை தந்து இருத்தி, தேநீரும் தருவித்து, நான் கேட்டதற்கு இணங்கினீர்கள். அந்த உதவி இனி வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நேற்று மாலை நடந்ததன் சூடு ஆறுமுன்பே எழுதுகிறேன். எழுத்து எங்காவது தாவினால் பொறுத்தருள வேண்டும்.

2. என் மகள் லதுஷா (வயது 21) கண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறாள். வலைப்பந்தாட்ட அணியிலும் இருக்கிறாள். அதே கல்லூரியின் நானூறு மீற்றர் ஓட்ட வீரர் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று சக மாணவி ஒருவர் தங்களிடம் முறைப்பாடு செய்திருக்கிறார். வழக்கு நடப்பதால் வீரரின் பெயரை எழுதவில்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அவர் ஓடி வென்ற நாட்களில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது அழகான ஓட்டம்தான், இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் நன்றாக ஓடுகிறவர் பிழை செய்யமாட்டார் என்று எந்த நடுவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

3. முறைப்பாடு வெளியே தெரிந்த நாள் முதல் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தியில் ‘எங்கள் சிங்கத்தின் பின்னால் நாங்கள்’ என்று பதாகை கட்டினார்கள். ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் அவருடைய படம் ஏறியது. முறைப்பாடு செய்தவர் வலைப்பந்து அணியில் ஒருத்தி என்று யாரோ வட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அதன் பிறகு பேராதனையிலிருந்து அம்பிட்டிய வரை பஸ் ஏறியவர்கள் எல்லாம் துப்பறியத் தொடங்கினார்கள்.

4. அந்தக் கிழமை பார்த்துத்தான் என் மகளுக்குக் கொப்புளிப்பான், அதுதான் அம்மை, வந்தது. என் மனைவி சுகிர்தா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வழக்கத்தில் அதை நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அதன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, வந்தவரை உள்ளே எடுக்கக்கூடாது, கேட்டவருக்கு விளக்கமும் கொடுக்கக்கூடாது. நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். வேப்பிலையை உட்கதவில் கட்டியிருந்ததால் படியில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அழகம்மா அக்கறையோடுதான் கேட்டார்: “என்னா சுகிர்தா, புள்ளைய கண்ணுலயே காணோம்?” மனைவி கதவை ஒருக்களித்துச் சொன்ன பதில் இது: “அவ யாரையும் பாக்க மாட்டா அக்கா. என்னா ஏதுன்னு கேக்காதீங்க. வாயால சொல்லக்கூடாத விசயம்.”

5. ஐயா, வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது! அன்று பொழுதுபடுமுன்பே முறைப்பாடு செய்தவள் லதுஷாதான் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் எங்கள் கேற்றில் செருப்பு மாலை தொங்கியது. மோட்டார் சைக்கிள்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போயின. என் மனைவியின் தொலைபேசிக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுதக் கை கூசுகிறது. மறுபக்கம், கம்பளையிலிருந்து ஒரு மாதர் சங்கம் பொன்னாடையோடு வந்து, “வீரமங்கையை வெளிய கூப்பிடுங்க, கௌரவிக்கணும்” என்று படியில் நின்றது. உள்ளே வீரமங்கை சொறியவும் விடாத தாயைத் திட்டிக்கொண்டு வேப்பிலையால் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏசியவர்களுக்கும் வாழ்த்தியவர்களுக்கும் எப்படியாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது.

6. இதனால்தான் நேற்று ஓடிவந்தேன். முறைப்பாட்டாளரின் உண்மையான பெயர் தங்களிடம் இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் ஆதரவு ஊர்வலத்துக்கு ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, “விமலநாதனின் மகள் அல்ல” என்று மட்டும் சொல்லவைக்கும்படி கெஞ்சினேன். தாங்களும் சரி என்றீர்கள். நான் பாரம் இறங்கி, போகும் வழியில் ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

7. வீட்டுக்குப் போனால் ஆதரவாளர் சங்கத் தலைவர் செல்லச்சாமியின் அழைப்பு காத்திருந்தது. அவர் இரும்புக்கடை முதலாளி. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். சாவு வீடு என்றால் முதலில் பந்தல் அனுப்புபவர் அவர்தான். வலைப்பந்து அணிப் பிள்ளைகளை மாலையில் சங்க மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மேசையில் ஒரு தாம்பாளம், அதில் கற்பூரம். “நல்ல புள்ளைங்க பேரு கெடக்கூடாது. ஒவ்வொருத்தரா வந்து, பொலிசுக்குப் போனது நான் இல்லேன்னு கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணிட்டா, ஊரு வாய மூடிக்கிடும்” என்றார். அணியில் உள்ள றலியாவுக்குக் குர்ஆன், திரேசாவுக்குப் பைபிள், தனித்தனி வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்கள். இந்த ஊரில் மத நல்லிணக்கம் இவ்வளவு சிறப்பாக நடந்ததை நான் முன்பு கண்டதில்லை.

8. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசம். ஞாயிறு வரை பொறுக்கவே தேவையில்லை! மகளுக்குத் தண்ணீர் வார்த்து முடிந்திருந்தது, முகத்தில் தழும்பு மட்டும் இருந்தது. முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மண்டபம் நிரம்பி, யன்னலிலும் ஆட்கள். கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். “போ மகள், அடி!” என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவள் தாம்பாளத்தின் முன்னே போய் நின்றாள். கையை உயர்த்தவில்லை. “நான் சத்தியம் செய்யமாட்டன் அங்கிள். ஏன் எண்டும் சொல்லமாட்டன்” என்றாள்.

9. “பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று பின்வரிசை எழும்பியது. எத்தனை கைத்தொலைபேசிகள் உயர்ந்தன! அப்போது றலியா எழுந்தாள்: “எனக்கும் ஏலாது. எங்கட உம்மா வந்து கேட்டாலும் ஏலாது.” அவளுக்குப் பின்னால் திரேசா. பிறகு கஜனி, சாருஜா, மற்றப் பிள்ளைகளும். ஒருத்திக்கு ஒருத்தி கண்ணைக் காட்டவில்லை, முன்பே பேசிவைத்ததாகவும் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து “மாட்டேன்” என்று சொல்லிவிட்டு என் மகளின் பக்கத்தில் போய் நின்றார்கள். கற்பூரம் அடிப்பாரின்றித் தானே எரிந்து அணைந்தது. ஐயா, எத்தனையோ இறுதிப் போட்டிகளை நான் அறிவித்திருக்கிறேன். கடைசி வளைவில் பின்தங்கியிருந்தவர் முந்திப் பாய்ந்ததைப் பார்த்துக் கதிரையில் ஏறி நின்று கத்தியிருக்கிறேன். நேற்று அப்படிக் கத்த வேண்டும்போல் இருந்தது, சத்தம்தான் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

10. அந்த வரிசையில் முறைப்பாடு செய்த பிள்ளை இருந்தாரா, அல்லது அவர் அணியிலேயே இல்லையா, எனக்குத் தெரியாது. யாருடைய குரல் நடுங்குகிறது என்று பார்க்கத் தலை திரும்பியது. பிடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

11. வீட்டுக்கு ஏறும் ஏற்றத்தில் மகளைக் கேட்டேன், அடித்துவிட்டு வந்திருக்கலாமே, பொய்ச் சத்தியமும் இல்லையே என்று. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நான் அடிச்சா அடுத்தவ அடிக்கோணும் அப்பா. அடிக்கேலாத ஆள் வரைக்கும் போவாங்கள். ஒவ்வொருத்தியும் நான் இல்லை எண்டு சொல்லச் சொல்ல, மிச்சம் நிக்கிறவள்தான் எண்டு சொன்ன மாதிரித்தானே?” நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். நேற்றுக் காலை தங்களிடம் நான் கேட்டது அதையேதான். செல்லச்சாமி தாம்பாளத்தில் கேட்டதை நான் பொலிஸ் மூலமாகக் கேட்டிருக்கிறேன்.

12. மனைவி இதைக் கேட்டு முதலில் அழுதார். பிறகு, “அம்மாள் வந்த வீடு, வெளங்காமப் போவாது” என்று சொல்லி லட்டுப் பெட்டியை அவிழ்த்தார். அணிப் பிள்ளைகள் எல்லோரும் இன்று காலை வந்து அதைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். வீடே கலகலவென்று இருந்தது. ஆனால் செல்லச்சாமி விடுவதாக இல்லை. பெற்றோர் முன்னிலையில் சத்தியம் வாங்க, ஞாயிறு ஊர்வலம் முடிந்ததும் பிள்ளைகளின் வீடு வீடாகப் போகப் போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தனித்தனி வீட்டில், தகப்பன்மார் என்னைப்போல் “போ, அடி” என்று நெருக்கினால், எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும்?

13. ஆகவே ஐயா, பின்வருவனவற்றை வேண்டுகிறேன்.

(அ) பாதிக்கப்பட்டவர் யார் என்று வெளிப்படுத்துவது சட்டப்படி குற்றம் என்று கேள்வி. சத்தியம் வாங்கி ஆளைப் பிரித்தெடுப்பதும் அதுதானே என்று செல்லச்சாமியை அழைத்து எடுத்துச் சொல்லி, ஒரு வீட்டுப் படியும் ஏறவிடாமல் செய்ய வேண்டும்.

(ஆ) ஊர்வலத்தைத் தடை செய்யக் கேட்கவில்லை. கத்துவது அவர்கள் உரிமை; நானும் கத்திப் பிழைப்பவன். பப்பரே வாத்தியத்தோடு பிள்ளைகளின் வாசலில் நிற்காமல் பிரதான வீதியால் போகச் சொல்லுங்கள்.

(இ) திங்கட்கிழமை முதல் அணி மீண்டும் பயிற்சிக்குப் போகிறது. மைதானத்துச் சந்தியில் ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தரையாவது நிறுத்த வேண்டும்.

(ஈ) ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்காக எவரையும் அனுப்ப வேண்டாம். அவள் அல்ல என்று தங்கள் வாயால் எவருக்கும், அன்பினால்கூட, சொல்ல வேண்டாம். இந்த மனுவையும் பூட்டி வையுங்கள்.

பெற்ற தகப்பன் பொலிஸில் கேட்கிற கேள்வியா இது என்று தாங்கள் நினைக்கலாம். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மகளும் தாயும் நானும் கூடிப் பேசியே இதைக் கேட்கிறோம். வழக்கு முடியும்வரை ஊர் என் மகளையே சந்தேகிக்கட்டும். அந்தப் பிள்ளை யாராக இருந்தாலும், பயமில்லாமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகட்டும்.

இடம்: அம்பிட்டிய
திகதி: 12.09.2025

இங்ஙனம், தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
இ. விமலநாதன்
லதுஷாவின் அப்பா