வளையம் பிடித்த கை

அக்டோபர் 2, வெள்ளி

பள்ளிப் பட்டறையில் இன்று கேமராவை ரோபோவின் தலையில் வைத்துத் திருகி இறுக்கினோம். என் வேலை கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். போட்டியில் முதல் அரை நிமிடம் யாரும் எதையும் தொடக்கூடாது. தரையில் கிடக்கும் ஆரஞ்சு வளையங்களை ரோபோவே பார்த்து, போய் அள்ள வேண்டும். பார்க்க வைப்பது என் பொறுப்பு.

விடுமுறை முழுக்க அக்கா வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் படம் எடுத்தேன். தூக்கி, தாழ்த்தி, சாய்த்து, பக்கத்தில், தூரத்தில். அந்தப் படங்களைக் காட்டித்தான் 'இதுதான் வளையம்' என்று கம்ப்யூட்டரைப் பழக்கினேன். கொஞ்சம் படங்களைத் தனியாக எடுத்துவைத்துச் சோதித்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! தலைகால் புரியவில்லை எனக்கு.

அக்டோபர் 3, சனி

போட்டி அரங்கத்துக்குள் ஐந்து பேரைத்தான் விடுவார்களாம். அக்காவையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். கேப்டன் ஒவ்வொருவராகக் காட்டி, "இவங்க வரலன்னா எந்த வேலை நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அக்காவின் முறை வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்காவா? வளையத்தைப் பிடிச்சிட்டு நின்னவ, அவ்வளவுதான்" என்றேன். சிரிப்புக்காகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், கேப்டன் அக்காவின் பெயரை அடித்தாள். அக்கா அங்கேயேதான் இருந்தாள், ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு.

உண்மையைத்தானே சொன்னேன்?

அக்டோபர் 4, ஞாயிறு

அக்கா பேசுவதில்லை. ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே சார்ஜர். எப்படித்தான் சமாளிக்கிறாளோ. காலையில் மட்டும், "உங்க துண்டு என் நாற்காலியில கிடக்குது. எடுத்துக்கிட்டீங்கன்னா நல்லாயிருக்கும்" என்றாள். நீங்களாம்! என்னைவிட ஒரு வயது மூத்தவள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

அக்டோபர் 6, செவ்வாய்

முதல் தடவையாக ரோபோவை இறக்கிவிட்டோம். தரையில் ஆறு வளையங்கள். ஒன்றையும் சீண்டவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு நேராகப் பல்லியை நோக்கிப் போனது. பல்லி எங்கள் சக்கர நிபுணன், ஒல்லி, எப்போதும் சுவரோடு ஒட்டித்தான் நிற்பான். கையில் ஸ்குரூடிரைவரோடு அவன் ஓட, அது விடாமல் துரத்தியது. "ஏய், எனக்கும் இதுக்கும் என்ன பகை?" என்று மேசைமேல் ஏறிவிட்டான்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தொண்ணூத்தெட்டுன்னியே?" என்றாள் கேப்டன்.

அக்டோபர் 7, புதன்

புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். எங்கும் தப்பில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 8, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பின் கேமராவுக்கு எதிரே ஒரு வளையத்தை வைத்தேன். வளையம் என்று தெரிந்துகொண்டால் திரையில் அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வர வேண்டும். வரவில்லை. விளக்கை மாற்றிப் பார்த்தேன், மேசை விரிப்பை உருவிப் பார்த்தேன். ஊஹூம். அக்கா தட்டுகளோடு வந்தாள். "உங்க சாமானைக் கொஞ்சம் நகர்த்திக்கிறேன்" என்று வளையத்தைத் தூக்கினாள். பச்சைக் கட்டம் வந்துவிட்டது! கீழே வைத்தாள், போய்விட்டது.

"மறுபடி தூக்கு."

"எதுக்குங்க?"

"தூக்குக்கா!"

தூக்கினாள். வந்தது. வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு கையில் பாத்திர மூடியைக் கொடுத்தேன். வளையம் என்றது. மூடியையும் வாங்கிக்கொண்டேன். வெறுங்கை. அதுவும் வளையம்தானாம், கட்டம் அசையாமல் நிற்கிறது. அம்மாவின் கைக்கு வந்து வந்து போனது. அப்பாவின் கைக்கு வரவே இல்லை. "அங்கயும் நமக்கு மதிப்பில்லையா?" என்றார்.

நான் எடுத்த எந்தப் படத்திலும் அக்காவின் கை இல்லாமல் வளையம் இல்லை. தனியாகத் தரையில் கிடக்கும் வளையத்தை ஒரு தடவைகூட நான் காட்டவில்லை. சோதித்துப் பார்த்த படங்களிலும் அதே கைதான். எல்லாப் படத்திலும் எது இருந்ததோ அதை அது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. பல்லியைத் துரத்தியதும் அவன் கையைப் பார்த்துத்தான். மண்டு நான்தான்.

அக்கா திரையையும் தன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிரித்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "பிடிச்சிட்டு நின்னேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 9, வெள்ளி

கேப்டனிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அது இன்னும் மோசம். "ஒரு வாரம்தான் இருக்கு. என்ன வேணும்?" என்றாள். படங்களை முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றேன்.

வீட்டில் அக்கா நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். அடுத்த விரலுக்குப் போனாள். நாளைக்குப் படம் எடுக்க வருகிறாயா என்று கேட்டேன்.

"பிடிக்க ஆள் வேணுமா?"

"இல்ல."

"லீவுல ஒரு நாள், கை வலிக்குதுடி, கீழ வச்சு எடுக்கலாமான்னு கேட்டேன். என்ன சொன்ன?"

நினைவிருக்கிறது. கீழே வைத்தால் நான் குனிய வேண்டும். 'பேசாம ஆடாமப் பிடி' என்றேன். குனியச் சோம்பல்பட்டு... ஐயோ, வெறும் சோம்பல்!

அவள் வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, சனி

வந்தாள். வந்ததும், "கேமரா எங்கிட்ட குடு. வளையத்தை நீ வை" என்றாள். நாள் முழுக்க வளையங்களோடு நான் முட்டி போட்டுத் தவழ்ந்தேன். அவள் தரையில் குப்புறப் படுத்து, ரோபோவின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி எடுத்தாள். சக்கரத்துக்குப் பின்னால் பாதி தெரியும் வளையம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை, சுவரில் சாய்ந்து நிற்பது, யாருடைய செருப்புக்கோ பக்கத்தில் கிடப்பது. வளையமே இல்லாமல் வெறும் கைகளையும் எடுத்தாள், இது வளையம் இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

"ஏய் எருமை, உன் நிழல் விழுது, தள்ளு!"

எருமை என்றுவிட்டாள். அப்பாடா.

அக்டோபர் 11, ஞாயிறு

பார்க்கிறது! ஆறில் ஐந்தை அள்ளியது.

அக்டோபர் 12, திங்கள்

பெயர் மாற்ற இன்றுதான் கடைசி நாள். என் பெயரை எடுத்துவிட்டு அக்காவைப் போடச் சொன்னேன். "உனக்குப் பைத்தியமா?" என்றாள் கேப்டன். அந்த அரங்கத்து வெளிச்சம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேயே படம் எடுத்தாக வேண்டும், அது அக்காவுக்குத்தான் வரும். படத்தை அனுப்பினால் நான் வீட்டிலிருந்தே பழக்கி அனுப்பிவிடுவேன். இதைத்தான் சொன்னேன்.

நல்ல பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். எனக்கும் போக ஆசைதானே.

அக்கா கேள்விப்பட்டு, "எனக்காக விட்டுக் கொடுக்காத" என்றாள்.

"ரோபோவுக்காக."

"அப்போ சரி."

அக்டோபர் 17, சனி

முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு வளையம். அக்கா போன் செய்தாள். அரங்கத்தில் பெரிய ஜன்னல், வெயில் நேராகத் தரையில் விழுகிறதாம். "படம் அனுப்பிட்டேன். இருக்கிறதே போதும்கிறா கேப்டன். முடியாது, என் தங்கச்சி அனுப்புறவரைக்கும் ரோபோ நகராதுன்னுட்டேன். சீக்கிரம்டி."

படங்களைப் பார்த்தாலே கண் கூசியது. பழக்கினேன், அனுப்பினேன்.

அடுத்த ஆட்டத்தின்போது அக்கா ஆடுகளத்து வேலிக்குப் பக்கத்திலிருந்து போனைத் துண்டிக்காமல் வைத்திருந்தாள். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. "கிளம்பிடுச்சு... வெயிலுக்குள்ள போகுது... நின்னுடுச்சு. ஐயோ நின்னுடுச்சு. இல்ல, திரும்புது, திரும்புதுடி, எடுத்துடுச்சு! இன்னொண்ணு!" அதற்குமேல் வார்த்தையே இல்லை, வெறும் கத்தல். எத்தனை, எத்தனை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யார் காதில் விழும்?

அப்பா வந்து, "ஜெயிச்சாச்சா?" என்றார்.

"தெரியலப்பா. அக்கா என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே இருக்கா."