அந்த வாசலில் உங்களுக்காக அழுதவர்

அப்பா,

உடுப்புகளை வெயிலில் போடலாமென்று இன்று பெட்டியைத் திறந்தேன். கம்பளிச் சட்டையிலிருந்து சாணப்புகை மணந்தது. கிர்கிஸ்தானில் நான் இருந்த மலைக்கிராமத்தில் வறட்டிதான் விறகு. நம்முடைய நாயாற்றுக் கடற்கரையின் உப்புக்காற்றில் நின்றபடி அந்தச் சட்டையை முகத்தோடு அணைத்துக்கொண்டேன். அண்ணி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

அங்கே ஆங்கிலம் படிப்பிக்கத் தொண்டராகப் போகப்போகிறேன் என்றபோது அண்ணா சண்டை பிடித்தான். நீங்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமலே சொன்னீர்கள்:

“சண்டை முடிஞ்சு மீளக் குடியேறின புதிசிலை, தகரக் கொட்டிலுக்கை வேர்த்து வழிய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உனக்குப் படிப்பிச்சவள். அவளையும் வீட்டிலை மறிச்சிருப்பினம். நீ போட்டு வா.”

போனேன். காலையில் வாளித் தண்ணீரின் மேற்பரப்பை அகப்பையால் உடைத்துத்தான் முகம் கழுவுவேன். வகுப்பில் பிள்ளைகள் பேனையை வாயில் வைத்துச் சூடாக்கிவிட்டு எழுதுவார்கள். மாலையில் தொலைபேசியில் முகம் பார்த்தபடி எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வேன். தோய்த்துப்போட்ட சட்டை கயிற்றில் விறைத்து நிற்பதைக் காட்டியபோது, “என்ன, உடுப்பையும் கருவாடு போடுறியளோ?” என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

உறைந்த ஏரியைக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? “யேசுநாதருக்குப் பிறகு நீதான் பிள்ளை தண்ணிக்கு மேலை நடக்கிறாய்” என்றீர்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பொறுக்கவில்லை.

“அவரிட்டைச் சொல்லு, ஓட்டை சின்னன். பெரிய மீன் வந்தா என்ன செய்வார்?”

அவர்கள் மொழியில் அரைகுறையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உண்மையாகவே துளையை அகலமாக்கினார். அன்றிலிருந்து நீங்கள் தொலைபேசி எடுத்தால் முதலில் அவரைத்தான் கேட்பீர்கள். நீங்கள் தமிழில் கதைப்பீர்கள், அவர் தன் மொழியில் கதைப்பார். மீன் எவ்வளவு பெரிது என்று இருவரும் கைகளை விரித்துக் காட்டிக்கொள்வீர்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் அண்ணா தொலைபேசி எடுத்தான்.

“தங்கச்சி, அப்பா கரைவலை இழுத்துக்கொண்டு நிண்டவர், நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மணலிலை இருந்திட்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது.”

நகரத்துக்குப் போகும் ஒரே மலைப்பாதையைப் பனி மூடிக்கிடந்தது. வீட்டுக்காரர் யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தார். ஒரு வாகனமும் அசையாது என்றார்கள். “இந்த வெக்கைக்கு அப்பாவை வைச்சிருக்கேலாது” என்றான் அண்ணா. சரி என்றேன்.

உங்கள் அடக்கத்தைத் தொலைபேசியில் பார்த்தேன். குடைகள், தலைகள். பெட்டியை இறக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்துபோனது.

அப்போது வெளியே ஓர் ஆண் பெருங்குரலில் அழுவது கேட்டது. யன்னலால் பார்த்தேன். வீட்டுக்காரர் வாசலில், பனிக்குள், ஒரு தடியில் ஊன்றிக் குனிந்து நின்று, “என் அப்பாவே, என் அப்பாவே” என்று கதறிக்கொண்டிருந்தார். ஊர் ஆண்கள் தூரத்திலிருந்தே அழுதபடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரி என் தலையில் துணியைக் கட்டிப் பக்கத்தில் இருத்தினா.

“தகப்பன் செத்தால் மகன் வாசலில் நின்று அழவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்” என்றா. “உன் அண்ணன் இங்கே இல்லையே. அதனால் இவர் நிற்கிறார்.”

அதுவரை ஒரு சொட்டும் வராத எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பாதை திறந்ததும் ஊருக்கு வந்தேன். உங்கள் சிலுவையைச் சுற்றி மணல் அதற்குள் இறுகிவிட்டிருந்தது. நான் கத்தி அழுவேன் என்று சனம் காத்து நின்றது. நான் சும்மா இருந்தேன். “வெளிநாடு போனதும் பெட்டைக்கு நெஞ்சு கல்லாப் போச்சு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் அழுததை அவர்கள் எங்கே கண்டார்கள்?

வருகிற வருடமும் படிப்பிக்க வரச்சொல்லி அந்த மலைக்கிராமப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இம்முறை அண்ணா மறிக்கவில்லை. “போ, தங்கச்சி” என்கிறான். போவேன். ஆனால் இறங்கியதும் “வந்து சேந்திட்டன்” என்று யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று வீட்டுக்காரி செய்தி அனுப்பியிருந்தா. அவர்களுடைய குதிரை குட்டி போட்டிருக்கிறதாம், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு. படத்தைப் பார்த்ததும் எழுந்து, “அப்பா, இஞ்சை பாருங்கோ” என்று முற்றம் வரைக்கும் ஓடிவிட்டேன்.