அமலா செதுக்கிய முகம்

9 ஜூன் 2003, திங்கள்

மழை இன்னும் இறங்கவில்லை. ஹடப்சர் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அமலா. எப்போதும் அவள்தான் ஜன்னல் பக்கம். நான்தான் விட்டுக்கொடுக்கிறேன், அது வேறு விஷயம்.

கல் நகைப் பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், என் புலித்தலைப் பதக்கம் இருந்த இடத்தில், அமலாவின் காதுக்குழை. என் பதக்கம் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது. பட்டறை நடத்தும் தேஜஸ்வினி மேடம்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

12 ஜூன்

அந்தக் காதுக்குழையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மேடம் மெக்சிகோவில் படித்தவர். அங்கே பழங்காலத்து மாயா மக்கள் தங்கத்தைவிட ஜேடு என்ற இந்தப் பச்சைக்கல்லைத்தான் உசத்தியாக நினைத்தார்களாம். செத்தவர் வாயில்கூட ஒரு ஜேடு மணியைப் போட்டுப் புதைப்பார்களாம். அந்த நகைகளின் படங்களைப் பார்த்துத்தான் நாங்கள் பதக்கமும் தோடும் செய்கிறோம். நான் படத்தை அப்படியே கல்லில் இறக்கிவிடுவேன். “ஜான்சி, உன் கை ஜெராக்ஸ் மெஷின்” என்று மேடம் ஒருமுறை இந்தியில் சொன்னார். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது யோசித்தால், அது பாராட்டுதானா?

அமலா படத்தைப் பார்த்ததும், “நம்ம ஊர்ப் பாம்படம் மாதிரில்லா இருக்கு!” என்று சிரித்தாள். மாயா ராணியின் குழையையும் பாம்படத்தையும் சேர்த்து ஒன்று செய்துவிட்டாள். பாட்டிமார் காதில் தொங்கும் பாம்படம் நான் பார்க்காததா? எனக்கு ஏன் தோன்றவில்லை?

அவள் அத்தானின் தம்பி, என் கொழுந்தன் பாஸ்கரின் மனைவி. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணமாகி ஊரைவிட்டு இங்கே தாபோடிக்கு வந்த புதிதில் இந்தி தெரியாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்து அழுதாள். பாவம் பார்த்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனது நான். சுற்றுகிற சக்கரத்தில் விரல் படாமல் கல்லை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்ததும் நான்.

29 ஜூன், ஞாயிறு

மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அத்தான் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “ஏட்டி, அமலா கையில என்னமோ இருக்கு பாத்துக்கோ” என்றார்.

“அப்ப என் கையில?”

“உன் கையில கரண்டி இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அமலாவும்தான். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தேன்.

4 ஆகஸ்ட்

பம்பாயில் கண்காட்சி. அதற்குப் பிறகு அமெரிக்காவுக்கு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம் வேண்டுமாம். பக்கத்தில் ஒரு அட்டை, அதில் செய்தவர் பெயர். இதுவரை எங்கள் யார் பெயரும் எங்கேயும் வந்ததில்லை.

மேடம் அதற்கான ஜேடுக் கல்லை எடுத்து வந்தார். என் மேஜையைத் தாண்டிப்போய் அமலா முன்னால் வைத்தார்.

தாண்டிப் போனாங்க. நான் என்ன, ஸ்டூலா? நேத்து வந்தவ அவ. இத்தன வருஷமா இந்தத் தூசியத் தின்னது யாரு? ஒரு வார்த்த, “ஜான்சி, நீ என்ன நெனைக்கே”ன்னு ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமா? இவளும் ஒரு பேச்சுக்குக்கூட ‘அக்காட்ட குடுங்க’ன்னு சொல்லல. கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன்.

சொல்லியிருப்பேனா?

22 ஆகஸ்ட்

அமலாவின் மேஜைப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தபடி இருந்தேன். குழந்தை முகம் மாதிரி, கன்னம் உப்பி, வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கி – இன்னும் ஒரு நொடியில் அழப்போகிறது. மேடத்தின் புத்தகங்களில் அப்படி வாய்கள் நிறைய உண்டு. ஆனால் இது எந்தப் படத்திலும் இல்லை.

நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டேன். போதும்.

5 செப்டம்பர், வெள்ளி

வெளியே தெருவில் கணபதி பண்டிகைக்கு டோல் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அமலா அந்தக் கல்முகத்தைக் கழுவிக் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

கல் காய்ந்துகொண்டே வந்தது. இடது காதிலிருந்து கன்னத்துக்கு ஒரு இழை மட்டும் காயவில்லை. மயிரிழைதான். கொஞ்ச நேரம் கறுப்பாக நின்றது, பிறகு மறைந்துவிட்டது. விரிசல். தண்ணீர் உள்ளே போனதால்தான் அப்படி நிற்கும்.

தொங்கவிட இரண்டு காதிலும் துளை போடவேண்டும். திங்கட்கிழமை போடுகிறாள். இடது காதில் துரப்பணம் இறங்கினால் முகம் இரண்டாகிவிடும்.

சாப்பிட்டுவிட்டு வந்தவள், “என்னக்கா பாக்கிய?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

6 செப்டம்பர்

சொல்லவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

கோயிலில் ஆராதனையின்போது அமலா பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். போதகர் ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாய் பாடியது. மனசுக்குள் அந்தக் கல் உடைகிற சத்தத்தைக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருந்தது.

கர்த்தரே, நான் என்ன மாதிரி மனுஷி?

8 செப்டம்பர், திங்கள்

துளை போடும் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். பால் கொடுக்கப் போகிறவள் மாதிரி. என் கை தானாகப் போய் ஸ்விட்சை அணைத்தது.

“அமலா, அதுல விரிசல் இருக்கு.”

தண்ணீரைத் தொட்டுக் காட்டினேன். அந்த இழை கறுப்பாக நின்றதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மேடம் ஓடிவந்து நெற்றியில் கைவைத்துக்கொண்டார். காதில் வேண்டாம், பின்பக்கம் நெற்றியின் உட்புறமாகச் சாய்த்துத் துளை போடலாம், அங்கே கல் கெட்டி என்றேன். அமலா கல்லை என் கையில் வைத்தாள். நானே போட்டேன். உடையவில்லை. மேடம் என் தோளைத் தட்டினார்.

எல்லாம் முடிந்து கைகழுவும்போது அமலா கேட்டாள். “எப்பக்கா பாத்திய?”

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“வெள்ளிக்கிழம.”

குழாயை இறுக்கி மூடினாள். “நேத்து கோயில்ல என் பக்கத்துலதான இருந்திய” என்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம்.

பஸ்ஸில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

24 செப்டம்பர்

பேசுகிறாள். “குக்கர எறக்கணும்.” “பால் வந்துட்டு.” அக்கா என்ற வார்த்தை மட்டும் இல்லை. அத்தானுக்கோ பாஸ்கருக்கோ ஒன்றும் தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

19 அக்டோபர்

கண்காட்சிக்கு எங்களையும் கூட்டிப்போனார் மேடம். கறுப்புத் துணிமேல் அந்த முகம். அட்டையில் அமலா பெயர் ஆங்கிலத்தில். துளை போட்டவள் பெயரை யார் எழுதுவார்கள்? ஒரு வெள்ளைக்காரி கண் கலங்கி நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருந்தால் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

11 நவம்பர்

அறுத்து மிச்சமான ஒரு துண்டை மேடத்திடம் கேட்டு வாங்கினேன். “எந்தப் படம்?” என்றார். படம் இல்லை என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

30 நவம்பர்

அத்தான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். தலை பின்னால் சாய்ந்து வாய் திறந்து கிடந்தது. வெயில் பல்லில் பட்டது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முகத்தைத்தான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

நாளைக்குக் கல்லைத் தொடுவேன்.

17 ஜனவரி 2004, சனி

முடிந்தது. கண் மூடி, வாய் திறந்து, பாதி உலகத்தை மறந்த ஒரு ஆள். காதில் மாயா ராஜா மாதிரி பெரிய குழை வைத்தேன், அத்தானுக்கு ஒரு கௌரவம் இருக்கட்டும் என்று. மேடம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய்க் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

எல்லோரும் கூடினார்கள். அமலா கடைசியாக வந்தாள். விரலால் அந்த வாயின் ஓரத்தைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா” என்றாள்.

அந்தத் ‘தான்’ எனக்குத் தெரியாதா? மனசுக்குள் நான் எத்தனை நாள் ஒப்புக்கொள்ள முடியாமல் சொன்ன ‘தான்’ அது. அவள் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். வேலை ஓடவில்லை. கல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தலைவலி என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஏழு மாதமாக ஆசைப்பட்டது இதற்குத்தானே. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான் மட்டும் உட்கார்ந்து வந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு. அவள் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தேன். நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.