கரைதட்டிய கப்பல் யாருடைய எல்லை?

3-12-48, வெள்ளி

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி உடைந்தது. தாசில்தார் என் கையில் நோட்டீசைத் திணித்தார். முகத்துவாரக்குப்பத்தில் மணலேறி நிற்கும் வெளிநாட்டுக் கப்பலில் குடியேறிய ஒன்பது குடும்பமும் காலி செய்ய வேண்டும். ஐப்பசிப் புயலில் குடிசை போனவர்கள். அதே புயல்தான் கப்பலையும் கரையேற்றியது.

கூடவே அந்த நாட்டுத் தூதர், கான்சல் துரையின் கடிதம். தங்கள் கொடி பறக்கும்வரை கப்பல் தங்கள் மண்ணாம், நோட்டீஸ் கொடுக்க நாம் யாராம். "கப்பல் அவங்களது, மணல் யாரோடது?" என்று தாசில்தார் மேஜையைத் தட்டினார். இரண்டு தரப்புக்கும் ஜனங்களை விரட்டத்தான் ஆசை. யார் விரட்டுவது என்பதில்தான் சண்டை.

என் தலையெழுத்து, குப்பம் இருக்கும் எண்ணூர் வரை சைக்கிள்.

கப்பலை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். அம்மாடி, கழுத்து வலிக்கிற உயரம். முகப்பில், கட்டுமரத்துக்கு வைப்பதுபோல மஞ்சள், குங்குமம். மேலே சோறு கொதிக்கும் வாசனை. கும்பிடத் தோன்றியது. கவர்ன்மெண்ட் குமாஸ்தா, கும்பிடவில்லை.

கம்பத்தில் கொடியைக் காணோம்.

6-12-48, திங்கள்

வெயில். பல்வலி. கொடி திருட்டு என்று எழுதச் சொல்கிறார் தாசில்தார். எழுதினால் போலீசை வைத்து நாமே விரட்டலாம், கேஸ் நம் பக்கம்.

குப்பத்துப் பெரியவர் தனக்கோட்டியைக் கேட்டேன். மறைக்கவே இல்லை. புயலன்று கட்டுமரம் போட்டு மாலுமிகளைக் கரைசேர்த்தது இவர்கள்தான். ஒருவன் மட்டும் மூன்றாம் நாள் பிணமாக ஒதுங்கினான். இருபது வயதுகூட இருக்காதாம். கோடித்துணி போர்த்தாமல் புதைக்கக் கூடாது. துணிக்கோ ரேஷன் கண்ட்ரோல், குப்பம் முழுக்கத் தேடியும் புதுத்துணி இல்லை.

"கம்பத்துல நல்ல துணி ஒண்ணு பறந்துகினு இருந்திச்சு. அத்த எட்து போத்தினோம். தப்பா நைனா?"

பெயர்கூடத் தெரியாதவனுக்கு இவரே மொட்டை போட்டு, பதினாறாம் நாள் கருமாதியும் செய்திருக்கிறார். திருட்டு என்று எழுத மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

7-12-48, செவ்வாய்

தபால் தலை வாங்க மறந்தேன். கான்சல் துரை குப்பத்துக்கே வந்தார். தாசில்தாரும் ஆஜர். மொழிபெயர்க்க நான். கொடி எங்கே என்றார். சொன்னேன். தொப்பியைக் கழற்றியவர், வெகுநேரம் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பேரம். உடலைத் தோண்டிப் பட்டணத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக விட வேண்டும். விட்டால் எல்லோரும் கப்பலிலேயே இருக்கலாம், நோட்டீசை அவர் தடுத்துவிடுவார். தாசில்தார் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்பது குடும்பத்துக்கும் கூரை. அவசர அவசரமாகத் தனக்கோட்டியிடம் சொன்னேன்.

அவர் கப்பலை அண்ணாந்து பார்த்தார். மேலே மருமகள், இடுப்பில் கைக்குழந்தை.

"கருமாதி பண்ண புள்ளய தோண்டக் கூடாது நைனா. கப்பல எட்துக்கச் சொல்லு. புள்ள இங்கியே இருக்கட்டும்."

துரையிடம் இதை எப்படிச் சொன்னேனோ. இப்படியும் மனிதர்கள்.

8-12-48, புதன்

மழை. எட்டு மணிக்கே போனேன். கப்பல் காலி. யாரும் விரட்டவில்லை. சட்டி, பாய், வலை எல்லாம் மணலில். நனைந்துகொண்டே ஓலை கட்டுகிறார்கள். நோட்டீசை நீட்டக் கை வரவில்லை, பையிலேயே இருக்கிறது. தனக்கோட்டி ஒரு கயிற்றின் முனையைக் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.