வேர்த்த உறை

சண்முகவள்ளி, கிட்ட வா தாயி, ஒரு கதை எழுதி வச்சிட்டுப் போறேன்.

பழனிப் பெண்ணொருத்தி கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்பட்டாள். போன வருஷம் புருஷன் வேலப்பன் செத்துப்போனான். பந்தாட்டக்காரர்களிடம் அவன் வாங்கிய கையெழுத்துத் தாள்களைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டாள். கடைசித் தாளில் அவனே விளையாட்டாகப் போட்ட கையெழுத்து. பழனி வெயிலுக்கு அந்த உறை சரி. இங்கே பனிமஞ்சு இறங்கினால் உள்ளே வேர்க்கும். அவன் கையெழுத்தின் மை கரைந்துவிட்டது.

"எம்பிள்ளைய ரெண்டாந்தரம் சாகக் குடுத்துட்டியேடி!" என்றாள் மாமியார். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

மிச்சத் தாள்களுக்குக் காகித உறை வாங்க அந்த மாமியார் நாயுடுபுரம் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறாள். அவன் தாளுக்கு வழியே இல்லையாம். கஞ்சி அடுப்புமேல கெடக்கு, குடி.

மறந்துட்டேன்: அவன் தாளை உரிச்சிடாதே. எழுத்து உறையிலதான் ஒட்டிக் கெடக்கு.

நீ விளக்கேத்துற வீடு நல்லாயிருக்கட்டும்.